அடிக்கடி சிறுநீர்: முதலில் அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், 'அடிக்கடி சிறுநீர் வருகிறது, என்ன செய்வது?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. அது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கேட்டவரும் சொல்லவில்லை, பதில் சொன்னவரும் கேட்கவில்லை: ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது? ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு? இது தெரியாமல் சொல்லப்படும் ஆலோசனை எதுவாக இருந்தாலும் குத்துமதிப்புதான்.

'அடிக்கடி' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றில், சிறுநீரகம் அளவுக்கு மீறிச் சிறுநீரைச் சுரக்கிறது. போகும்போதெல்லாம் நிறையப் போகும். மற்றதில், சுரப்பது வழக்கமான அளவுதான். சிறுநீர்ப்பைதான் கொஞ்சம் சேர்ந்தவுடனேயே விரட்டுகிறது, அல்லது முழுதாகக் காலியாகாமல் மிச்சம் வைத்துக்கொண்டு சீக்கிரமே மறுபடி நிரம்பிவிடுகிறது. முதல் வகைக்குக் காரணம் ரத்தத்திலோ ஹார்மோனிலோ இதயத்திலோ சாப்பிடும் மாத்திரையிலோ இருக்கும். இரண்டாவதுக்கு சிறுநீர்ப்பையிலும் அதன் அக்கம்பக்கத்திலும் தேட வேண்டும். 'நாளைக்குப் பதினைந்து தடவை போகிறேன்' என்பவர் எந்தப் பக்கம் என்று அந்தப் பதினைந்தை மட்டும் வைத்துச் சொல்ல யாராலும் முடியாது.

பெரியவர்களின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். 150, 200 மில்லி சேரும்போது முதல் உணர்வு லேசாகத் தட்டும். வேலையில் மூழ்கியிருந்தால் அது மறந்தும் போகும். 24 மணி நேரத்தில் 800 முதல் 2000 மில்லி வரை சிறுநீர் பிரிவது இயல்பு. பகலில் ஏழெட்டுத் தடவை, இரவில் எழுந்தால் ஒரு தடவை என்பது பெரும்பாலோரின் கணக்கு. மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினாலோ, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிக்கு மேல் போனாலோ, சுரப்பு அதிகம் என்று பொருள். 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 2400 மில்லி. எண்ணிக்கை எப்படி இருந்தாலும், முன்பு இல்லாத பழக்கம் புதிதாகத் தொடங்கியிருந்தால் அதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மில்லி கோடு போட்ட 500 அல்லது 1000 மில்லி பிளாஸ்டிக் குவளை ஒன்று, ஒரு நோட்டு, ஒரு பேனா. வேறெதற்கும் அந்தக் குவளையைப் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். பெண்கள் வாயகன்ற பாத்திரத்தில் பிடித்துக் குவளைக்கு மாற்றிக்கொள்ளலாம். மூன்று நாள் எழுத வேண்டும். தொடர்ந்து மூன்று நாளாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதில் ஒரு நாளாவது வழக்கமான வேலை நாளாக இருக்கட்டும். காலையில் எழுந்ததும் முதலில் போவதை அளக்காமல் விட்டுவிட்டு, அந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. மறுநாள் காலை எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீரோடு 24 மணி நேரம் முடிகிறது. ஒவ்வொரு தடவையும் நேரம், மில்லி, அவசரம் எந்த அளவு (சும்மா போனேன் என்றால் 0, ஓட வேண்டியிருந்தது என்றால் 3), வழியில் கசிந்ததா, இடையில் என்ன குடித்தேன், எவ்வளவு குடித்தேன் என்பதை எழுத வேண்டும். படுத்த நேரமும் எழுந்த நேரமும் கட்டாயம். அவை இல்லாவிட்டால் இரவுக் கணக்கு போட முடியாது.

இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் சில. அளக்கிறோம் என்ற நினைப்பிலேயே அந்த மூன்று நாளும் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். நோட்டு அழகாக இருக்கும், உண்மை இருக்காது. வெளியில் போன இடத்தில் அளக்க முடியாமல் போனதை எழுதாமலேயே விட்டுவிடுவார்கள். 'அளக்கவில்லை' என்று எழுதினாலே போதும், எண்ணிக்கையாவது சரியாக இருக்கும். ராத்திரி உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து மொத்தமாக எழுதுபவர்களின் நோட்டில் எல்லா எண்களும் 200, 250, 300 என்று வழுவழுப்பாக இருக்கும். உண்மையில் அளந்த நோட்டில் 130, 85, 310 என்று தாறுமாறாகத்தான் இருக்கும். பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

அந்த நோட்டு என்ன சொல்லும் என்பதற்கு மூன்று மாதிரிகள். முதல் நோட்டில் 24 மணி நேரத்தில் 14 தடவை. பகல் முழுக்க 80 முதல் 120 மில்லி, காலையில் எழுந்ததும் மட்டும் 400 மில்லி, மொத்தம் 1700க்குப் பக்கத்தில். இந்தச் சிறுநீர்ப்பைக்கு 400 மில்லி தாங்கும் சக்தி இருக்கிறது. தூக்கத்தில் தாங்கிக் காட்டியிருக்கிறது. விழித்திருக்கும்போது அதன் தசை அவசரப்படுகிறது, அல்லது 'எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுவோம்' என்ற பழக்கம் அதை அப்படிக் கெடுத்து வைத்திருக்கிறது. இதே ஆள் இரவிலும் 90, 100 மில்லிக்கெல்லாம் எழுந்து போகிறார் என்றால் கதையே வேறு. தொற்று, கல், மிச்சம் தங்குவது, சிறுநீர்ப்பைச் சுவரில் கோளாறு என்று தேட வேண்டும். இரண்டாவது நோட்டில் பத்துத் தடவைதான், ஆனால் ஒவ்வொன்றும் 400க்குக் குறையவில்லை. மொத்தம் 4 லிட்டரைத் தாண்டுகிறது. இவரிடம் சிறுநீர்ப்பை மாத்திரை கொடுப்பதில் அர்த்தமே இல்லை. மூன்றாவது நோட்டில் பகலில் நாலே தடவை, மொத்தம் 900 மில்லி. இரவில் நாலு தடவை எழுந்து ஒவ்வொரு தடவையும் 300, காலையில் இன்னொரு 300. நாள் மொத்தம் 2400, அதில் 1500 இரவுக் கணக்கு. காலை முதல் சிறுநீர் இரவில் சுரந்ததுதான், ஆகவே அதை இரவோடுதான் சேர்க்க வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால், இளைஞர்களுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால், அது இரவில் மட்டும் சுரப்பு கூடும் கோளாறு. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் என்று சொல்லி வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் ஆண்களில் இந்த மூன்றாவது நோட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.

முதலில் அதிக அளவு போகும் வகையை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயில் ஏன் அடிக்கடி போகிறது என்பது பலருக்குத் தலைகீழாகத்தான் புரிந்திருக்கிறது. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் 99 சதவீதத்தைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. வடிந்த சர்க்கரையையும் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்ளும். ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது அதனால் முழுவதையும் மீட்க முடிவதில்லை. மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. உடம்பில் நீர் வற்றுகிறது, அதனால் தாகம் எடுக்கிறது. ஆக, தண்ணீர் குடிப்பதால் அதிகம் போவதில்லை. அதிகம் போவதால் குடிக்க வேண்டியிருக்கிறது. இவரிடம் போய்த் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் உடல் வறண்டு, ரத்தத்தில் சர்க்கரை இன்னும் கெட்டியாகும்.

இதிலேயே இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தாலே சர்க்கரை நோய். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் என்பன மற்ற எல்லைகள். சிறுநீரில் சர்க்கரை இறங்குவதோ 180க்கு மேல்தான். இடையில் இருக்கும் காலத்தில் நோய் இருக்கும், அடிக்கடி போவது இருக்காது. 'நான் அடிக்கடி போவதே இல்லை, எனக்கு எங்கே சுகர்?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சிறுநீரில் குச்சியை நனைத்துப் பார்த்து நோய் இல்லை என்று முடிவு கட்டுவதும் இதனால்தான் சரியல்ல. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றித்தான். அவற்றைச் சாப்பிடுபவருக்குக் குச்சியில் சர்க்கரை காட்டும், கொஞ்சம் அதிகமாகவும் போகும். அது மருந்தின் வேலை. பிறப்புறுப்பில் அரிப்போ வெள்ளைப் படிவோ வந்தால் மட்டும் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும், அது பூஞ்சைத் தொற்று.

குழந்தைகள் விஷயத்தில் தாமதத்துக்கே இடமில்லை. ஆறு மாதத்துக்கு மேல் படுக்கையை நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, எடையும் குறைந்தால், திட்டாதீர்கள். அன்றைக்கே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். முதல் வகை சர்க்கரை நோய் சில நாட்களுக்குள், சில வாரங்களுக்குள் முற்றிவிடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு ஆழமாக வாங்குவது, வாயில் பழம் அழுகியதுபோல ஒரு வாடை இவை சேர்ந்துவிட்டால் நேரே அவசர சிகிச்சைதான்.

சர்க்கரை சரியாக இருந்தும் நாலைந்து லிட்டர் போகிறதா? சிறுநீர் பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கிறதா? அப்போது ரத்தத்தில் சோடியம், கால்சியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். கால்சியம் கூடினாலும் பொட்டாசியம் குறைந்தாலும் சிறுநீரகத்தால் சிறுநீரைச் சுண்ட வைக்க முடியாது. வாசோபிரசின் என்ற ஹார்மோன் மூளையில் சுரக்காமல் போனாலும், சுரந்தும் சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படாவிட்டாலும் இதே நிலைதான். சர்க்கரையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இந்த நோய்க்கும் 'நீரிழிவு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டு குழப்பியதால், 2022இல் உலக அளவில் பெயரையே வாசோபிரசின் குறைபாடு, வாசோபிரசின் எதிர்ப்பு என்று மாற்றினார்கள். மனநலத்துக்காக லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது வருவதுண்டு. இவர்கள் தண்ணீரைக் கட்டுப்படுத்தினால் சோடியம் ஏறி உயிருக்கே ஆபத்து. எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்துவதும் கூடாது. இதையெல்லாம் விட அதிகம் பார்ப்பது, உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி நாலு லிட்டர் குடித்துவிட்டு நாலு லிட்டர் போகிறது என்று கவலைப்படுபவர்களைத்தான். அவர்களுக்கு மருந்து வேண்டாம், கணக்கு போதும்.

இரவில் மட்டும் அதிகம் சுரப்பவர்களின் கால்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாலையில் கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பத்து விநாடி கழித்து எடுத்தால் குழி விழுகிறதா? பகல் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் காலில் இறங்கித் தேங்கிய நீர், படுத்தவுடன் ரத்த ஓட்டத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. இதய பலவீனம், சிறுநீரக நோய், காலில் ரத்தக்குழாய் பழுது எதுவானாலும் இது நடக்கும். ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கத்தைத் தரும், அதன் வழியாக இரவுச் சிறுநீரையும் கூட்டும். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை இதய மட்டத்துக்கு உயர்த்திப் படுப்பது இவர்களுக்கு உண்மையிலேயே பயன் தரும், ஏனென்றால் அந்த நீர் படுக்கப் போகும் முன்பே வெளியேறிவிடுகிறது. நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதன் நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஃப்யூரோசமைட் வாய்வழி எடுத்தால் சுமார் ஆறு மணி நேரம் வேலை செய்யும். இரவு எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டு தூக்கம் வரவில்லை என்று புலம்புவதில் நியாயமில்லை.

குறட்டையும் இங்கே சம்பந்தப்படும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டு விடும்போது மார்புக்குள் அழுத்தம் மாறி, இதயத்தின் மேலறைகள் இழுபடுகின்றன. ரத்தம் அதிகமாகிவிட்டது என்று எண்ணி, நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனை இதயம் சுரந்துவிடுகிறது. உரத்த குறட்டை, பகல் தூக்கம், இரவில் மூன்று நாலு தடவை நிறையச் சிறுநீர் மூன்றும் ஒருவருக்கே இருந்தால், தூக்கப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். மூச்சுக் கோளாறைச் சரிசெய்தால் சிறுநீரும் குறையும். இரவுச் சுரப்பை அடக்க டெஸ்மோபிரசின் என்ற மருந்தும் உண்டு. முதியவர்களுக்கு அது ரத்த சோடியத்தைக் கீழே இறக்கிக் குழப்பத்தையும் வலிப்பையும் வரவழைக்கக்கூடும். சோடியம் பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று வாங்கிச் சாப்பிடும் மருந்தல்ல அது. இன்னொன்று: எதனாலோ தூக்கம் கலைந்து, கலைந்ததால் போய்விட்டு வருபவர்களும் உண்டு. நோட்டில் இரவு அளவு 100, 120 என்று சின்னதாக இருந்தால் இந்தச் சந்தேகமும் வர வேண்டும். எப்படியானாலும் வயதானவர்களின் படுக்கையிலிருந்து கழிவறை வரை மங்கலான விளக்கொன்று எரியட்டும். இடுப்பெலும்பு முறிவுகள் இந்தப் பாதையிலும் நடக்கின்றன.

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, எரிச்சலோடு போனால் முதல் சந்தேகம் தொற்று. நீர்க்கடுப்பு என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதுதான். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுவதே முக்கியக் காரணம். பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான் என்பதால் எளிதாக ஏறுகிறது. ஆண்களுக்கு வந்தால் ஏன் வந்தது என்று பின்னால் ஒரு காரணம் தேட வேண்டும். இங்கே கெட்டுப்போவது சிகிச்சையை விடச் சிறுநீர் பிடிப்பதில்தான். சுத்தம் செய்துகொண்டு, முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு, நடுவில் வருவதை, கிருமி நீக்கிய டப்பாவில் உள்பக்கம் விரல் படாமல் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர வேண்டும், முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஈ.கோலை தோதான சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். பையில் போட்டு அரை நாள் சுற்றிவிட்டுக் கொடுத்தால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) வருவது உங்கள் சிறுநீர்ப்பையின் கதையாக இருக்காது. நேற்றிரவே வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் ஒன்றைப் போட்டுவிட்டுக் காலையில் கல்ச்சர் கொடுத்தால் 'வளர்ச்சி இல்லை' என்று வரும்; கிருமி செத்ததாக அர்த்தமில்லை.

குச்சிப் பரிசோதனையில் நைட்ரைட் இல்லை என்று வந்ததும் தொற்று இல்லை என்று முடிவு செய்பவர்களும் இருக்கிறார்கள். பாக்டீரியா நைட்ரைட்டை உண்டாக்கச் சிறுநீர் சுமார் நாலு மணி நேரமாவது பைக்குள் தங்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை ஓடுபவரின் பையில் அது எப்படித் தங்கும்? எல்லா பாக்டீரியாவும் நைட்ரைட்டை உண்டாக்குவதும் இல்லை. எரிச்சலைத் தணிக்கும் சிரப் எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. நேர்மாறான தவறும் உண்டு. எந்தத் தொல்லையும் இல்லாத முதியவரின் கல்ச்சரில் கிருமி வந்துவிட்டது என்பதற்காக ஆன்டிபயாடிக் கொடுப்பது. தொல்லை இல்லாத கிருமிக்குச் சிகிச்சை தேவைப்படுவது முக்கியமாகக் கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவைக்குப் போகிறவர்களுக்கும்தான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மாதங்களிலும் அடிக்கடி போவது இயல்பு. ஆனால் 'கர்ப்பம் என்றால் அப்படித்தான்' என்று எரிச்சலையும் காய்ச்சலையும் சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. கண்டுகொள்ளாமல் விட்ட கிருமி சிறுநீரகம் வரை ஏறினால் தாய்க்கும் சிசுவுக்கும் கெடுதல்.

கல்ச்சர் திரும்பத் திரும்பச் சுத்தமாக வந்து, சீழ் அணுக்கள் மட்டும் இருந்துகொண்டே இருந்தால் சிறுநீர்ப் பாதைக் காசநோயை நினைக்க வேண்டும். வழக்கமான கல்ச்சரில் அது வளராது, தனிப் பரிசோதனை கேட்க வேண்டும். விட்டுவிட்டால் சிறுநீர்ப்பை சுருங்கி இறுகிப்போகும். பிறகு எந்த மருந்தாலும் அதை விரிக்க முடியாது. பை நிரம்ப நிரம்ப வலித்து, போனதும் வலி குறைந்தால் அது வேறொரு நீடித்த நோய். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் கடைசிப் பகுதியில் சிக்கிய கல்லும் தொற்று மாதிரியே நடிக்கும். விலாவிலிருந்து தொடை இடுக்குக்கு இறங்கும் வலி அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம். தொடங்கவே நேரமாகிறது, வேகம் இல்லை, நின்று நின்று வருகிறது, முடிந்த பிறகும் இன்னும் இருக்கிற மாதிரி இருக்கிறது: இவை சேர்ந்திருந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் அல்ல. முக்கியமான பரிசோதனை, சிறுநீர் போன பிறகு எவ்வளவு மிச்சம் தங்குகிறது என்று ஸ்கேனில் பார்ப்பது. அதற்காக ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைத்து, முட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு மணி நேரம் காக்க வைத்தால், நல்ல சிறுநீர்ப்பையும் முழுதாகக் காலியாகாது. மிச்சம் 150 மில்லி என்று அறிக்கை வந்து ஆளைப் பயமுறுத்தும். வழக்கமாக எந்த அளவு முட்டும்போது போவீர்களோ அந்த அளவில் போய்விட்டு, பத்து நிமிடத்துக்குள் ஸ்கேன் எடுப்பதே சரி. சந்தேகமான அறிக்கையை இன்னொரு நாள் திரும்பப் பார்க்க வேண்டும்.

புராஸ்டேட் உள்ளவர்கள் சளி, தும்மல் மாத்திரைகளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மூக்கடைப்பைத் திறக்கும் சூடோஎஃபெட்ரின் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும். தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மாத்திரைகள் பையின் தசையைத் தளர்த்தும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக நீர் அடைத்துக்கொள்ளும். புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் சாப்பிடுபவர்கள் கண்புரை அறுவைக்கு முன் கண் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை (ஐரிஸ்) தொய்ந்துபோய் அறுவையில் சிக்கல் தரும். இதைக் கேட்க மறந்துவிடும் மருத்துவர்களும் உண்டு, நீங்கள் மறக்காதீர்கள். புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைடு பலன் காட்ட ஆறு மாதம்கூட ஆகும். புராஸ்டேட் புற்றுநோயைத் தேட ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவையும் அது ஏறத்தாழப் பாதியாக்கிவிடும் என்பதால், அறிக்கையில் உள்ள எண்ணை இரட்டித்துப் படிக்க வேண்டும். தொற்று இருக்கும்போது எடுத்த பிஎஸ்ஏ தாறுமாறாக ஏறியிருக்கும். ஆறு வாரம் கழித்து எடுங்கள்.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றிய சவ்வு மெலிந்து, அவசரமும் திரும்பத் திரும்பத் தொற்றும் வரும். மருத்துவர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பைப் பிறப்புறுப்பின் உள்ளே தடவினால் நல்ல குணம் தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டு பல பெண்கள் பத்து வருடம் ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார்கள். மலச்சிக்கலும் சிறுநீர்ப்பையைப் பின்னாலிருந்து நெருக்கும். பிள்ளைகளுக்கு அடிக்கடி வருகிறது என்றால் இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இவை எதுவும் இல்லை, அந்த முதல் நோட்டு மாதிரி பகலில் மட்டும் அவசரம் என்றால், பழக்கித் திருத்தலாம். நோட்டில் சராசரி இடைவெளி ஒரு மணி நேரம் என்றால், ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன் போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் சரியாக நடந்தால் இன்னும் 15 நிமிடம் கூட்டுங்கள். மூன்று, மூன்றரை மணி நேரம் வரை இப்படியே ஏறலாம். இடையில் அவசரம் வந்தால் ஓடக் கூடாது. ஓட்டம்தான் கசிய வைக்கும். நின்ற இடத்தில் நின்று அல்லது உட்கார்ந்து, இடுப்புத்தள தசையை ஐந்தாறு தடவை சுருக்கென்று இறுக்கி விடுங்கள். அந்தத் தசை சுருங்கும்போது சிறுநீர்ப்பைக்குத் தளரச் சொல்லிச் செய்தி போகிறது. ஒரு நிமிடத்துக்குள் அலை இறங்கும். இறங்கிய பிறகு நடந்து போங்கள். காற்று பிரிவதை அடக்கும்போது எந்தத் தசை இறுகுகிறதோ அதுதான் இடுப்புத்தளம். வயிறு உள்ளே இழுபட்டாலோ, பிட்டம் இறுகினாலோ, மூச்சு நின்றாலோ நீங்கள் வேறு தசையைப் பிடித்திருக்கிறீர்கள். மெதுவாக இறுக்கி ஐந்து விநாடி, போகப் போகப் பத்து விநாடி. பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்தால் மிச்சம் தங்கத் தொடங்கும். காபி, தேநீர், காஃபின் கலந்த குளிர்பானங்களை இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். தண்ணீரை ஒரேயடியாகக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும். மூன்று மாதத்திலும் பலன் இல்லை என்றால் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை முதியவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், ஞாபகக் குழப்பம் தரும். இன்னொரு வகை ரத்தக் கொதிப்பைக் கவனிக்கச் சொல்லும்.

நோட்டு போட்டுக்கொண்டு மூன்று நாள் காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை ரத்தம் கலந்து போய், மறுநாள் தெளிந்துவிட்டாலும் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் முதலில் தலைகாட்டுகிறது, புகைபிடிப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால்தான் என்று நீங்களாகச் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு ஆரஞ்சுச் சிவப்பாகப் போவது மட்டும் மருந்தின் நிறம். குளிரும் நடுக்கமும் கலந்த காய்ச்சல், விலாவில் வலி என்றால் தொற்று சிறுநீரகத்தை எட்டிவிட்டது. முட்டிக்கொண்டு நின்றும் ஒரு சொட்டுகூட வரவில்லை, அடிவயிறு பந்துபோல வீங்கி வலிக்கிறது என்றால் குழாய் போட்டு வெளியேற்றியாக வேண்டும். வெந்நீர் ஒத்தடத்தோடு விடியும் வரை காத்திருக்கக் கூடாது. முதுகுவலியோடு, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போய், சிறுநீர் வருவதும் தெரியாமல், காலும் தளர்ந்தால் தண்டுவடத்தின் அடி நரம்புகள் நசுங்குகின்றன. மணிக்கணக்கில்தான் அவகாசம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவப் பக்கத்தில் ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி, வாசகர்கள் வெட்டி வைத்துக்கொள்ளும்படி ஒரு வெற்று அட்டவணையை அச்சிடுங்கள். ஆறு பத்திகள் போதும்: நேரம், மில்லி, அவசரம் 0 முதல் 3, கசிவு, குடித்தது என்ன, எவ்வளவு. மேலே படுத்த நேரம், எழுந்த நேரம் எழுத இரண்டு கோடுகள். கீழே, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அவற்றைச் சாப்பிடும் நேரமும் எழுத நாலு வரி இடம். ஒரு நாளுக்கு இருபது வரியாவது விடுங்கள். பன்னிரண்டு வரி போட்ட அட்டவணைகள் பாதி ராத்திரியிலேயே தீர்ந்துவிடுகின்றன.

இப்படிக்கு,
சிறுநீரியல், நீரிழிவுப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும் சிலர்